பதினோரு மணி வடை

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கூடம் ஒன்றில் போன மாதம் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, பதினெட்டு மிஷின், மூலையில் வெட்டிப் போட்ட பூப்போட்ட துணிக் குவியல். பதினோரு மணிக்கு டீக்கடைப் பையன் ஒரு கையில் டீத் தூக்கும் மறு கையில் பேப்பர் பொட்டலமுமாக உள்ளே நுழைந்ததும் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆளுக்கு ரெண்டு பருப்பு வடை, ஒரு டீ. பொட்டலத்துக் காகிதம் எண்ணெயில் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. தின்று முடித்தவர்கள் துணி வெட்டுத்துண்டில் விரல் விரலாக அழுத்தித் துடைத்தார்கள். நைட்டியில் எண்ணெய்க் கறை பட்டால் அந்தப் பீஸுக்குக் கூலி கிடையாது. ஆறாவது நிமிடம் மறுபடியும் மிஷின் சத்தம். பீஸ் ரேட் வேலையில் கடிகாரத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. கை நின்றால் காசு நின்றது.

பக்கத்து மிஷினில் இருந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அன்று அவர் வயிற்றுக்குள் போன முதல் உணவு அந்த வடைதான். “விடியுமுன்ன எந்திரிச்சு, தண்ணி பிடிச்சு, அவுகளுக்குச் சோறு பொங்கி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துட்டு ஓடியாரணும். எனக்குன்னு தட்டு எடுக்க நேரமேதுண்ணே?” என்றார். அவருக்குச் சர்க்கரை வந்து மூன்று வருடமாகிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். ‘எடையைக் குறைங்க, சத்தானதாப் பாத்துச் சாப்பிடுங்க’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் அவருக்குச் சிக்கல். “சத்தானதுன்னா எதுண்ணே? கம்பா, ஓட்ஸா, இல்ல டப்பாவுல விக்கிற பவுடரா? எங்க மதினி மத்தியானச் சோத்தையே விட்டுட்டா. சாயங்காலம் தலை சுத்துதுன்னு ரெண்டு பரோட்டா திங்கிறா.”

அந்த மதினியை எனக்குத் தெரியாது. அந்தப் பரோட்டாவைத் தெரியும். ராஜபாளையம் வட்டாரத்தில் பொழுது சாய்ந்ததும் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்காத தெரு குறைவு. ‘எடை கூடினவர்கள் வாயைக் கட்டாதவர்கள்’ என்கிற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காலையில் பட்டினி, மதியம் அள்ளிப் போட்ட சோறு, இடையில் இனிப்பு டீ, இரவில் கிடைத்தது என்று ஓடுகிற ஒரு நாளில் ஆசைக்கு இடம் எங்கே இருக்கிறது? அந்த அக்காவின் உடம்பில் ஏறியிருக்கும் எடையில் பாதி அவருடைய வேலை நேரத்தின் எடை.

கணக்கைப் பார்ப்போம். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். ஆண்களில் 37 விழுக்காட்டினர். அதற்கு முந்தைய ஆய்வில் (2015–16) இதுவே 30.9, 28.2 என்று இருந்தது. நாலைந்து வருடத்துக்குள் இவ்வளவு ஏற்றம். அதே ஐந்தாவது ஆய்வின் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால், 15 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றிருக்கிறது. இரண்டு எண்களும் தனித்தனி வீடுகளில் குடியிருக்கவில்லை. தட்டில் அளவு நிறைய, சத்து குறைய என்றால் ஒரே உடம்பு பெருக்கவும் செய்யும், வெளுக்கவும் செய்யும். கூடத்தில் இருந்த பதினெட்டுப் பேரில் சிலருடைய கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்ததைப் பார்க்க டாக்டர் வேண்டியிருக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற டீக்கடை பெஞ்சில் ஒருவர்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் 22.3 என்று அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தது. உடம்பில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் நம் நாட்டில் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். எடை மெஷினைவிட இடுப்பளவு இன்னும் உண்மை பேசும். அதன் எல்லை பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. இஞ்சில் சொன்னால் முப்பத்தொன்றரை, முப்பத்தைந்தரை. தளவாய்புரத்தில் இஞ்ச் டேப்புக்குப் பஞ்சமில்லை. ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தைக்கிறவர்கள் தங்கள் இடுப்பைச் சுற்றி ஒரு தரம் பிடித்துப் பார்க்கலாம். நைட்டியில் வேறு ஒரு கோளாறு இருக்கிறது. உடம்பு பெருப்பதை அது யாருக்கும் சொல்லாது. பேன்ட்டைப் போல இடுப்பில் இறுக்கி எச்சரிக்காது. தைக்கிறவர்களும் அதைத்தான் உடுத்துகிறார்கள்.

‘பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும்’ என்பது இன்று மேடைக்கு மேடை கேட்கிற பேச்சு. எனக்கும் அந்தப் பழைய சாப்பாட்டின் மேல் பிரியம் உண்டு. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம், கண்மாய்ப் பாசனம், நெல், தென்னை, மாந்தோப்பு. கிழக்கே போகப் போகக் கரிசல், மானாவாரி. அந்தக் கரிசல் பக்கத்தில் கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு இவைதாம் அன்றாடம். அரிசிக்கு ‘நெல்லுச்சோறு’ என்று தனிப்பேர் வைத்துத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காத்திருந்தார்கள். கம்மங்கஞ்சிக்கு மோர்மிளகாய், சின்ன வெங்காயம், மிதுக்க வத்தல். குதிரைவாலிச் சோற்றுக்குக் காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல். பாசிப்பயறும் தட்டாம்பயறும் மொச்சையும் மானாவாரிக் காட்டில் ஊடுபயிராக விளைந்ததால் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. 2021 மே மாதம் மறைந்த கி.ராஜநாராயணன் இந்தச் சாப்பாட்டையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படித்தால் வாய் ஊறும்.

ஆனால் அந்தக் கஞ்சிக்குப் பின்னால் இருந்த உரலை யாரும் மேடையில் சொல்வதில்லை. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, புடைத்துத் தவிடு நீக்கி, மறுபடியும் குத்தி, நொறுக்கி, உலையில் போட்டுக் கிண்ட வேண்டும். காட்டில் களை எடுத்துவிட்டு வந்த அதே பெண்தான் இதையும் செய்தாள். என் ஆச்சி சாகும்வரை அவளுடைய வலது உள்ளங்கையில் உலக்கைக் காய்ப்பு போகவில்லை. ரேஷன் கடை அரிசி வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள், “இனி இடி இல்ல” என்று சொன்னாள். மில்லில் தீட்டிய அரிசி எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் தீப்பெட்டிக்கும் மில்லுக்கும் தையலுக்கும் போனார்கள், பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ‘அரிசி கெடுத்தது’ என்று சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கம்பு தின்ற உடம்பு காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்பு. நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து காலால் பெடலை அழுத்துகிற உடம்புக்கு, அதே ஆச்சி தின்ற அளவு கம்மஞ்சோற்றைப் போட்டாலும் எடை ஏறத்தான் செய்யும். கம்பும் அரிசியும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரிதான். கம்பில் புரதம் கூடுதல், இரும்பு கூடுதல், நார் கூடுதல். மெதுவாகச் செரிக்கும், சீக்கிரம் பசி எடுக்காது. அதெல்லாம் நிஜம். அதற்காகக் கம்பு எடை குறைக்கிற மருந்தாகிவிடாது.

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பிறகு நம் ஊர் மளிகைக் கடையிலும் குதிரைவாலி நூடுல்ஸ், தினை குக்கீஸ், ராகி சேமியா எல்லாம் வந்துவிட்டன. குதிரைவாலிக்குத் தவிடு நீக்க நீக்க வெள்ளை கூடும், நார் குறையும். பாக்கெட்டில் பளபளவென்று இருப்பது பெரும்பாலும் அப்படித் தீட்டியதுதான். விலையோ கிலோ நூறு ரூபாயைச் சுற்றி. ரேஷன் அரிசி இலவசம். பீஸ் ரேட் கூலியில் இருக்கிற வீடு எதை எடுக்கும் என்று யாரும் ஆராய வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் கடைசியில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஒரு கட்டுரையைப் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நான் மேலே சொன்ன அதே நீரிழிவு ஆய்வின் தொடர்ச்சி அது. நாடு முழுவதும் 1,21,077 பேர். சென்னையில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று செய்தது. இந்தியர்களின் சாப்பாட்டில் மொத்தக் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வருவது 12தான் என்று அது கண்டது. அடுத்து வருவதுதான் விஷயம். வெள்ளை அரிசிக்கும் மைதாவுக்கும் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிப் போட்டால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைய வேண்டும். மொத்தக் கலோரியில் வெறும் 5 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து எடுத்துவிட்டு, பயறு வகைப் புரதமோ பால் வகைப் புரதமோ அந்த இடத்தில் வந்தால், சர்க்கரை நோய்க்கும் அதன் முந்தைய கட்டத்துக்குமான அபாயம் குறைகிறது. ஆக, அரிசியா கம்பா என்று பட்டிமன்றம் நடத்துவதை விட்டுவிட்டு, சோறு எத்தனை கரண்டி, பயறு எத்தனை கரண்டி என்று கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

அதைக் கேட்க ஆரம்பித்தால் நேராக ரேஷன் பையில் போய் நிற்போம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டுக்கு இப்படிக் கணக்குச் சொல்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டை–விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எவ்வளவு பருப்பு வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் வருகிறது. நம் ரேஷன் கடையில் துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. விரல் நுனியில் அள்ளுகிற அளவு. அரிசியோ இலவசமாக 20 கிலோ வரை. பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை மலிவு விலையில்.

நான் இலவச அரிசிக்கு எதிரி இல்லை. 2011 ஜூன் முதல் அந்த அரிசி பசியை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. விருதுநகரில் பிறந்த காமராஜர் தொடங்கிய மதிய உணவில் இருந்து 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை, பசியை அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்ட மாநிலம் இது. என் வருத்தம் வேறு. பசிக்கு நிறுத்திய தராசையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல ஆரம்பம். அதைவிட எனக்கு வேண்டியது, விருதுநகர் மாவட்டத்தில் விளைகிற பாசிப்பயறையும் உளுந்தையும் அரசு இங்கேயே வாங்கி, இங்குள்ள கடைகளிலேயே மாதம் மூன்று கிலோவாகக் கொடுப்பது. ஐந்து கிலோ அரிசியைக் குறைத்துக்கொண்டு கொடுத்தாலும் எங்கள் தெருப் பெண்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

காய்கறிக் கணக்கும் கண்ணைக் கட்டும். நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ராஜபாளையம் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் கட்டுப்படியாகும். தளவாய்புரத்தில் ஏழு மணிக்குச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறவர் எப்படிப் போவார்? வீட்டுக் கொல்லையில் முருங்கை நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இல்லாதவர்களுக்குத் தெருவில் கூவி வருகிற கீரைக்காரப் பாட்டிதான் கதி.

இவ்வளவு சொல்லும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் என்னை முறைப்பது தெரிகிறது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பாலும் சர்க்கரையும் விறகடுப்பில் சுண்டுகிற அந்த வாசனையை விட்டு எடை குறைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் என்னிடம் எதிர்வாதம் இல்லை. இந்த ஊரில் பிறந்த ஆண்டாளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். திருப்பாவையில் நோன்புக் காலத்தில் நெய்யையும் பாலையும் ஒதுக்குவதைச் சொன்னவள், நோன்பு நிறைகிற நாளில் நெய் வழிகிற பால்சோற்றையும் சொல்லியிருக்கிறாள். மார்கழி முழுக்க விட்டதை ஒரு நாள் உண்பதற்குப் பேர் விருந்து. பால்கோவா கல்யாணத்துக்கும் வெளியூர் உறவுக்கும் வாங்கியவரை வம்பில்லை. டீக்கடையில் ஆளுக்கு நாலைந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 50 கிராம் போகிறது, மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. இத்தனைக்கும் வாசனையும் இல்லை, விருந்தும் இல்லை. மேலே சொன்ன வழிகாட்டி நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. விட வேண்டியது பால்கோவாவை அல்ல, நாலாவது டீயை. சாத்தூர்க் காராச்சேவு பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்கே அதில் கட்டுப்பாடு கிடையாது.

சத்தானது என்றால் எது என்ற அந்த அக்காவின் கேள்விக்கு நான் கண்ட நேர்மையான விடை, அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் இருக்கிறது. தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை நாலு வாரம் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் பாக்கெட், டப்பாவில் வருகிற தொழிற்சாலை உணவு. இரண்டு வாரம் காய், பழம், தானியம், இறைச்சி என்று சமையல்கட்டில் ஆக்கிய உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய மட்டும் தின்னலாம். பாக்கெட் உணவு தின்ற வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய எடை ஏறினார்கள். ஆக்கிய உணவில் அதே அளவு இறங்கினார்கள். யாரும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. பாக்கெட் உணவை அவர்கள் வேகமாகத் தின்றார்கள் என்பதையும் ஆய்வு குறித்து வைத்தது. மெல்ல வேண்டியிராத உணவு, வயிறு போதும் என்று சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது. ஐந்து நிமிட டீ நேரத்தை இதனோடு சேர்த்துப் பாருங்கள். பன், பிஸ்கட், வடை, பஜ்ஜி எல்லாம் ஐந்து நிமிடத்துக்கென்றே ஆனவை. வேர்க்கடலையை ஐந்து நிமிடத்தில் விழுங்க முடியாது.

கூடத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குறுக்கே கேட்டார்: “வடையும் பருப்புதானேண்ணே?” நியாயமான கேள்வி. பருப்பு பருப்புதான். பன்னையும் பிஸ்கட்டையும்விட வடை எவ்வளவோ மேல். கூட வருகிற எண்ணெயும், அந்த எண்ணெய் காலையிலிருந்து எத்தனை தடவை காய்ந்தது என்பதும், அதைத் தள்ளிக்கொண்டு போகிற இனிப்பு டீயும்தான் தொந்தரவு. காலையில் வெறும் வயிறாக இருந்ததும். வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடந்து எடை குறைக்கப் பார்க்கிறவர்கள் சாயங்காலம் பரோட்டாக் கடையில் தோற்பது மன உறுதி இல்லாததால் அல்ல, மத்தியானம் சாப்பிடாததால். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் சோற்றை இப்படித் திடீரென்று விடுவது ஆபத்தும்கூட. மதினிக்குத் தலை சுற்றியது என்றாரே அக்கா, அதற்கு அர்த்தம் இருக்கிறது.

டப்பாப் பவுடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் இது’ என்று வீடு வீடாகச் சங்கிலிபோல ஆள் பிடித்து விற்கிறார்கள். குடித்தால் இறங்கும், நிறுத்தினால் ஏறும். விலையைச் சொன்னால் அந்தக் காசுக்கு ஒரு மாதம் வீட்டுக்கே முட்டையும் கடலையும் வாங்கலாம். காணம் கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி ரசம் வைத்துக் குடிக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். காணத்தை ரசமாக வடித்து ஊற்றுவதைவிட, சுண்டலாக மென்று தின்னுங்கள். கரைப்பது காணம் இல்லை. அது வயிற்றில் இருக்கிறவரை சோறு ஒரு கரண்டி குறைகிறது, அவ்வளவுதான்.

எடை குறைக்கிற ஊசிகளும் வந்துவிட்டன. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. உண்மையிலேயே வேலை செய்கிற மருந்துகள். தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டர் எழுதித் தரட்டும். போட்டுக்கொண்டவர்களுக்கும் பசி குறைந்த அந்தச் சின்னத் தட்டில் எதை வைப்பது என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. சொல்லப்போனால் முன்பைவிட அவசரமாக.

திரும்பத் திரும்ப நான் அந்த ஐந்து நிமிடத்துக்கே வருகிறேன். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 100 பேர் என்று இறக்கியிருக்கிறது. ராஜபாளையத்துப் பெரிய நூற்பாலைகளுக்குப் பொருந்தும். பதினெட்டு மிஷின் ஓடுகிற தகரக் கொட்டகை இரண்டு கணக்கிலும் வராது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடங்களில் பலவும் வராது. 2021இல் தமிழ்நாடு அரசு, ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே கால் வீங்குகிறவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. நல்ல சட்டம். அந்தக் கடைகளில் விற்கிற துணியைத் தைக்கிறவர்களுக்கு எழுந்து நிற்கிற உரிமையை யாரும் இன்னும் யோசிக்கவில்லை. 2025இல் மத்திய சுகாதாரத் துறை, அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகை மாட்டச் சொன்னது. அதைத் தகரக் கூரையில் எங்கே மாட்டுவது?

கூடத்தின் முதலாளி சின்ன வயசுக்காரர், அவரும் ஒரு காலத்தில் பீஸ் ரேட்டில் தைத்தவர்தான். கணக்கு போட்டுக் காட்டினேன். ஆளுக்கு 40 கிராம் தட்டாம்பயறு என்றால் பதினெட்டுப் பேருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. கிலோ நூறு ரூபாயைச் சுற்றி விற்கிறது, தாளிப்பு வேறு. ஆளுக்கு ஐந்து ரூபாய்க்குள் அடங்கும். ரெண்டு வடையைவிடக் குறைவு. கிடைக்கிற புரதம் பத்துக் கிராமுக்குப் பக்கம். “எங்க அம்மா அவிச்சுக் கொடுக்கும்ணே, அது ஒண்ணும் பெரிசில்ல. தின்ன கால் மணி நேரம் ஆகுமே, அதுக்கு?” என்றார். பயறு விலையைவிட அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்குக் கணக்கு. கடைசியில் பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் கூடுதலாக விடுவது, அதைக் கூலியில் பிடிக்காமல் வாரத்துக்கு ஒரு தொகையாகப் போட்டுக் கொடுப்பது என்று ஒத்துக்கொண்டார். ஒரு மாதம் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்றார்.

மூன்று வாரம் கழித்து நேற்று மறுபடி போயிருந்தேன். எவர்சில்வர் குண்டானில் தட்டாம்பயறு, மேலே தேங்காய்த் துருவலும் கறிவேப்பிலையும் வரமிளகாயும். பிளாஸ்டிக் கிண்ணங்களில் வாங்கிக்கொண்டு பாதிப் பேர் வாசல் வேப்பமரத்தடியில் நின்று தின்றார்கள். அக்கா காலையில் இன்னும் வெறும் வயிறாகத்தான் வருகிறார். டீயில் சர்க்கரை ஒரு ஸ்பூனாகியிருக்கிறது. எடை? “பாக்கலண்ணே, மிஷின் இல்ல. இஞ்ச் டேப்புல அரை இஞ்ச் இறங்குன மாதிரி இருந்துச்சு, டேப்பை இழுத்துப் பிடிச்சேனோ என்னவோ” என்று சிரித்தார்.

டீக்கடைப் பையன் தூக்கோடு மட்டும் வந்தான். ஊற்றி முடித்துவிட்டு, வாசலில் நின்று, “சனிக்கிழமை கூலி நாளாச்சே, வடை எத்தன கொண்டாரட்டும்?” என்று கேட்டான். முப்பது என்றார் யாரோ. முப்பத்தாறு என்று இன்னொருவர் திருத்தினார்.